விசா ஜன்னலில் சொல்லாமல் விட்டது

போன வாரம் நிவேதா போன் செய்தாள். ஆர்.எஸ்.புரத்தில் நான் வேலை பார்த்த டிராவல்ஸில் இப்போது விசா மேசையைப் பார்த்துக்கொள்கிற பெண். ஆபீஸை இடித்துப் புதிதாக்குகிறார்களாம். இனிமேல் கவுன்ட்டரே கிடையாதாம். சோபா, காபி மெஷின், சுவர் அகலத்துக்கு ஒரு டிவி.

"பழைய கேஷ் கவுன்ட்டர் கண்ணாடி இருக்குதுங்களே மேடம், கீழ அரைவட்டமா வெட்டியிருக்குமே, அதை உடைக்கப் போறாங்க. உங்களுக்கு வேணுமான்னு கேக்கலாம்னுதான் கூப்பிட்டேன்" என்றாள்.

"அதை வெச்சு நான் என்ன கண்ணு பண்ணட்டும்? ஓட்டை போட்ட கண்ணாடியில மீன் தொட்டிகூடக் கட்ட முடியாதே" என்றேன்.

சிரித்துவிட்டு, அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நான் என்ன செய்வேன் என்று கேட்டாள். இப்போதெல்லாம் விசா இன்டர்வியூ பழகுவதற்கு ஆப் வந்துவிட்டதாம். போனே கேள்வி கேட்கிறது, பதில் சொன்னால் மார்க்கும் போடுகிறது. நான் எப்படிக் கேட்பேன், எப்படி மார்க் போடுவேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம். போனில் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன், எழுதியே தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் அவள் கேட்டதைவிட நீளமாகப் போகிறது. பொறுத்துக்கொள்ளட்டும்.

நான் ஜெசிந்தா. துடியலூரிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டு பஸ்ஸைப் பிடித்து அந்த ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தபோது எனக்கு டைப்ரைட்டிங் தெரியும், விமானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அன்றைக்கு டிக்கெட் என்பது கையால் எழுதுகிற சிறு புத்தகம். அடியில் சிவப்பு கார்பன். பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் முழு டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். எந்த ஊருக்கு எந்த விமானம் என்று பார்க்கத் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் இருக்கும். எங்களிடம் வருகிறவர்களும் சில வகைதான். மோட்டார் பம்ப் கண்காட்சிக்கு ஜெர்மனி போகிற பவுண்டரி முதலாளிகள், ரோமாபுரி போகிற சாமியார்கள், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள். சும்மா ஊர் சுற்றிப் பார்க்கப் பணம் கொடுத்து வெளிநாடு போகிறவர் யாராவது வந்தால் நாங்களே அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்போம்.

பிறகு பச்சை எழுத்து மினுங்கும் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குப் பின்னால் இன்டர்நெட் வந்தது. விமானக் கம்பெனிகள் எங்களுக்குக் கொடுத்துவந்த கமிஷனைக் குறைத்துக் குறைத்து ஒரு நாள் இல்லை என்றே சொல்லிவிட்டன. வீட்டில் உட்கார்ந்து அவரவரே டிக்கெட் போட்டுக்கொள்ளும்போது டிராவல்ஸ் எதற்கு என்று ஊரே பேசியது. எங்கள் தெருவிலேயே இரண்டு கடைகள் ஷட்டரை இறக்கி, ஒன்று பட்டுப்புடவைக் கடையாகவும் ஒன்று கண் டாக்டர் கிளினிக்காகவும் ஆனது. நாங்கள் பிழைத்தோம். சமையல்காரரையும் சாம்பார்ப் பொடியையும் கூட அனுப்புகிற சிங்கப்பூர், மலேசியா குரூப் டூர்கள் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பேரப்பிள்ளைகள். கோவையைச் சுற்றி இருக்கிற கல்லூரிகளில் படித்த பிள்ளைகள் அமெரிக்கா போனார்கள், அங்கே பிள்ளை பெற்றார்கள், இங்கிருந்து பெற்றவர்கள் கிளம்பினார்கள். எங்கள் தொழில் எப்படி வளர்ந்தது என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் எதை எதையோ எழுதுகிறார்கள். பிரசவம் பார்க்கப் போன அம்மாக்களை எழுதுவதில்லை.

எங்கள் மேனேஜர் வேலுச்சாமி சார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, 'ங்க' ஏறும். "ஜெசிந்தாம்மா, இந்த டிக்கெட்டுங்க, இதுல தேதிங்க, கொஞ்சம் பாருங்களேனுங்க" என்றாரானால் நான் பெரிய தப்பு செய்திருக்கிறேன் என்று பொருள். வடை தின்ற கையோடு யாரும் பாஸ்போர்ட்டைத் தொடக் கூடாது. வாங்கும்போதும் கொடுக்கும்போதும் இரண்டு கையால்தான். வாடிக்கையாளர் கிளம்பினால் மாடிப்படி வரை கூடப் போவார். அதே மனுஷர் வாடிக்கையாளர் யாரும் இல்லாதபோது எங்கள் தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனை நிறுத்திவிட்டுப் போவார். ஹனிமூன் பேக்கேஜ் என்ற வார்த்தையைச் சொல்ல வெட்கப்பட்டு, வெளியே போர்டில் 'புதுமணத் தம்பதியர் சுற்றுலா' என்று எழுத வைத்தவர். அந்த போர்டைப் பார்த்து ஒரு தம்பதிகூட உள்ளே வந்ததாக எனக்கு நினைவில்லை.

இன்டர்வியூ பழக்குகிற முறை அவர் உண்டாக்கியதுதான். அமெரிக்க விசாவுக்குச் சென்னைத் தூதரகத்துக்குப் போனால் அங்கே நாற்காலி போட்டுப் பேச மாட்டார்கள். ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் நாம் நின்றுகொண்டு பேச வேண்டும். நாலைந்து கேள்விகள்தான், அதற்குள் முடிந்துவிடும். அதனால் சார், கேஷ் கவுன்ட்டர் கண்ணாடிக்குப் பின்னால் என்னை உட்காரவைப்பார். வந்தவர்கள் முன்னால் நிற்க வேண்டும். மூலையில் ரேடியோவைச் சத்தமாகப் போட்டுவிடுவார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சொன்னது காதில் விழாவிட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். கேட்கவில்லை என்றால் 'இன்னொருக்கா சொல்லுங்க' என்று கேட்க வாய் பழக வேண்டும், அதற்குத்தான் ரேடியோ.

அவர் எனக்குப் போட்ட சட்டம் ஒன்று உண்டு. பதிலை நாம் எழுதிக் கொடுக்கக் கூடாது. "அவங்க உண்மை அவங்க வாயில வரோணுமுங்க. நாம கூச்சத்தை மட்டும் எடுத்துவிடோணும்" என்பார். பத்திரம், பட்டா, கல்யாண ஆல்பம் என்று மூட்டையாகக் கொண்டுவருவார்கள். ஜன்னலில் அதை யாரும் கேட்பதில்லை. பேச்சுதான் எல்லாம். முடிவையும் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொண்டால் விசா உண்டு. கையில் திருப்பிக் கொடுத்துவிட்டால் இல்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் இதை நான் சொல்லி அனுப்புவேன்.

இனி நாச்சிமுத்து, ருக்மணியம்மாள் கதைக்கு வருகிறேன். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர்கள். ஒரே மகள், அமெரிக்காவில் இருந்தாள். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துத் தரித்திருந்தது. படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் வேலைக்குப் போக வேண்டும். மருமகனின் அம்மா உயிரோடு இல்லை. இவர்கள் போய்ச் சேராவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. ஒறம்பரையில், சொந்தத்தில், ஒரு பையன் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க, இருவரும் சென்னை போய், இரண்டு பாஸ்போர்ட்டும் கைக்கே திரும்பி வந்த பிறகுதான் எங்களிடம் வந்தார்கள்.

நாச்சிமுத்து வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் வெள்ளைத் துண்டு. கார் இருந்தும் பஸ்ஸில் வருகிறவர். ருக்மணியம்மாள் கணவருக்கு அரையடி பின்னால் உட்கார்ந்திருந்தார். முகத்தில் தூக்கம் இல்லாதது தெரிந்தது.

"என்னென்ன கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க" என்றேன்.

"என்ன தொழில்னு கேட்டாங்க. வெவசாயமுங்கன்னேன். எவ்வளவு நெலம்னாங்க. ஏதோ கொஞ்சம் இருக்குதுங்க, கஞ்சிக்கு ஆகுமுங்கன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"வருமானம் என்னன்னாங்க. பெருசா ஒண்ணுமில்லீங்க, மழை சரியில்லீங்கன்னேன். பாஸ்போர்ட்டைக் கையில குடுத்துட்டாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏனுங்க, கஞ்சிக்கு ஆகுமுன்னு சொன்னா அவங்க என்ன நினைப்பாங்க? இங்க கஞ்சிக்குப் பாடுபடறவரு அங்க போனா திரும்பி வரவே மாட்டாருன்னு நினைக்க மாட்டாங்களா?"

"அதெப்படிங்க வராம இருப்போம்? மரத்துக்குத் தண்ணி வுட வேண்டாமுங்களா?"

"அதைச் சொல்லியிருக்கலாமே."

"அதை அவங்க கேக்கலீங்களே" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

நான் துடியலூர்க்காரி, எங்களுக்கு நிலம் நீச்சு இல்லை. ஆனாலும் இந்த வழக்கம் எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் யாரிடமாவது வெள்ளாமை எப்படி என்று கேட்டுப் பாருங்கள். களம் நிறைந்து கிடந்தாலும் "என்னமோ போகுதுங்க" என்பார்கள். இருக்கிறதை இருக்கிறது என்று வாயால் சொன்னால் பெருமை அடிப்பதாகும், அதோடு கண் பட்டுவிடும். நான் மாதா கோயில் மணிக்கு ஜெபம் சொல்லி வளர்ந்தவள், இந்தக் கண்ணேறு சமாச்சாரமெல்லாம் சுத்தப் பேத்தல் என்று ஆபீஸில் அடிக்கடி சொல்வேன்.

வேலுச்சாமி சார் தம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரிங்க. எங்ககிட்ட சொல்லுங்க. தோப்பு எவ்வளவு இருக்குமுங்க?"

நாச்சிமுத்து சுற்றிலும் பார்த்தார். சிங்கப்பூர் டூர் கேட்டு வந்த ஒரு குடும்பம் பக்கத்து மேசையில் இருந்தது. தோளிலிருந்த துண்டை எடுத்தார். வலது கைமேல் விரித்துப் போட்டு, அந்தக் கையை சார் பக்கம் நீட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சார் கண்ணைக்கூட இமைக்காமல் தம் கையைத் துண்டுக்குள் கொடுத்தார். உள்ளே என்னவோ அசைந்தது. இருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. கடைசியில் சார் தலையை மட்டும் லேசாக அசைத்தார்.

அவர்கள் போன பிறகு சார் எனக்கு விளக்கினார். மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலை பேசுகிற முறையாம். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியாமல் துண்டுக்குள் ஒருவர் விரலை இன்னொருவர் பிடிப்பார். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் கணக்கு. சார் சின்ன வயதில் அப்பாவோடு சந்தைக்குப் போய்ப் பழகியது. "நல்லா இருக்கறவருதானுங்க. கஞ்சிக்கு மேலேயே ஆகும்" என்றார்.

"அந்த ஜன்னல்ல துண்டு போட முடியாதுங்களே சார்" என்றேன். அன்றைக்கு அவர் சிரித்தார்.

அவரைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திப் பழக்கினேன். பட்ட பாட்டை என்னவென்று சொல்வது? உடுமலையிலிருந்து பஸ் ஏறி வருவார், நிற்பார், நான் கேட்பேன், அவர் நெளிவார். ஒரு நாள் தம் கட்டி "தோப்பு இருக்குதுங்க" என்றார். நான் கைதட்டாத குறை. அதே மூச்சில், "கடனும் நெறைய இருக்குதுங்க" என்று சேர்த்துக்கொண்டார். அவருக்கு யாரிடமும் கடன் கிடையாது. தோப்பு இருக்கிறது என்று சொன்னதை எதையாவது போட்டு மூடாவிட்டால் அவருக்கு நிலைகொள்ளவில்லை. மகளுக்கோ மாதம் ஏறிக்கொண்டிருந்தது. அங்கிருந்து போன் வருகிற அன்றைக்கெல்லாம் ருக்மணியம்மாள் முகம் இன்னும் சுருங்கிவிடும்.

சார் ஒரு முடிவுக்கு வந்தார். இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "ரெண்டு பேரும் கிளம்பினா இங்க ஒண்ணுமே இல்லாதவங்க மாதிரித்தான் தெரியுமுங்க. அம்மணி மட்டும் போகட்டும். நீங்க இங்க இருங்க. கட்டினவரு இங்க இருக்கும்போது அவங்க திரும்பி வராம எங்க போவாங்க?"

நாச்சிமுத்து உடனே தலையாட்டி மறுத்தார். அவர் இல்லை என்று சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அதாகாதுங்க. ரெண்டு பேரும் போகோணுமுங்க. ஒரு ஆளு பத்தாதுங்க."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "பிரசவத்துக்கு நீங்க போய் என்ன பண்ணப் போறீங்க? அம்மணி இல்லீன்னா இங்க காப்பி வெச்சுக் குடுக்க ஆளில்லைன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். ருக்மணியம்மாள் தரையைப் பார்த்தார். "ஏதோ, புடிக்க கிடிக்க ஆளு வேணுமுங்களே" என்று முனகினார் நாச்சிமுத்து. காப்பிதான் காரணம் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அப்போதுதான் ருக்மணியம்மாள் வாய் திறந்தார். அதுவரை எங்கள் ஆபீஸில் அவர் 'வாரேனுங்க' தவிர வேறு பேசியதில்லை.

"நான் போறேனுங்க."

"தனியாவா? பழனிக்குக்கூடத் தனியாப் போனதில்லையே நீ" என்றார் கணவர்.

"அவ அங்க தனியாத்தானே படுத்துக் கெடக்கறா" என்றார் ருக்மணியம்மாள்.

அவரைப் பழக்குவது சுலபமாக இருந்தது. ரேடியோச் சத்தத்திலும், "கேக்கலீங்க, இன்னொருக்கா சொல்லுங்க" என்று கண்ணாடி ஓட்டையில் காதை வைத்தார். மகளுக்கு உடம்பு முடியவில்லை, பார்த்துக்கொள்ளப் போகிறேன், கணவர் தோப்பைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கிறார், திரும்பி வந்துவிடுவேன். எல்லாம் அவர் வாயில் உண்மையாகவே வந்தது. ஒன்றை மட்டும் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். போன தடவை உங்கள் வீட்டுக்காரர் சொன்னதைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று என்று தெரிந்தால் இரண்டையுமே நம்ப மாட்டார்கள். அதோடு கதவு சாத்திக்கொள்ளும். ருக்மணியம்மாள் சரிங்க என்று தலையாட்டினார். இந்த முறை காது கேட்டுத்தான் ஆட்டினார் என்று நினைத்தேன்.

இன்டர்வியூ அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. மேசைக்கடியில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். சார் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். மதியம் போன் வந்தது. நாச்சிமுத்து. மனைவியைக் கூட்டிப்போய் வாசலில் விட்டுவிட்டு எதிரே மரத்தடியில் காத்திருந்தவர்.

"அம்மணி, பாஸ்போர்ட்டைப் புடுங்கி வெச்சுக்கிட்டாங்களாமுங்க. இவ உள்ள போயி எல்லாத்தையும் சொல்லிப்போட்டா. போலீசு கீலீசு வருமுங்களா?"

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்தால் என்ன அர்த்தம் என்று அவருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பதற்றத்தில் எல்லாம் மறந்துவிட்டது. "வராதுங்க. விசாதான் வரும்" என்றேன். அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. சார் என் தலைக்கு மேல் இருந்த ஃபேனைத் தாமாகவே போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் ஊருக்குத் திரும்புகிற வழியில் இருவரும் ஆபீஸுக்கு வந்தார்கள். என்ன நடந்தது என்று ருக்மணியம்மாளே சொன்னார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தது ஒரு சின்ன வயதுப் பெண் அதிகாரி. தமிழில் எடுத்துச் சொல்லப் பக்கத்தில் இன்னொரு பெண். மகளைப் பற்றிக் கேட்டு முடித்துவிட்டு அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தாராம். போன தடவை உங்கள் கணவர் கொஞ்சம் நிலம்தான், வருமானம் இல்லை என்று சொன்னாரே, அது சரியா என்று கேட்டாராம்.

நான் எதைப் பேசாதே என்றேனோ அதையே அவர்கள் எடுத்துவிட்டார்கள்.

"எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சுங்க" என்றார் ருக்மணியம்மாள். "நீங்க சொன்னது நெனப்பு வந்துச்சு. ஆமாமுன்னு சொன்னா அனுப்பிப்போடுவாங்க. இல்லீன்னா இவரு பொய் சொன்னவராயிருவாரு. அப்புறம் என்னமோ தோணுச்சு, சொல்லிப்போட்டேன். இல்லீங்க, எங்களுக்குத் தோப்பு நெறைய இருக்குது. கயித்து மில்லு இருக்குது. தண்ணி வத்தாத கெணறு இருக்குது, மாடு கன்னு இருக்குது. ஒண்ணு வுடாம சொன்னேனுங்க. அப்ப ஏன் அன்னைக்குச் சொல்லலீன்னாங்க. சொன்னா கண்ணு பட்டுருமுன்னு சொல்லலீங்கன்னேன்."

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதை அந்தப் புள்ள வெள்ளைக்காரம்மாகிட்டச் சொல்றதுக்கு ரொம்ப நேரமாச்சுங்க. கண்ணைத் தொட்டுத் தொட்டுக் காட்டி என்னென்னமோ சொல்லுச்சு. அந்தம்மா என்னையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம், இப்ப எல்லாத்தையும் சொல்லிட்டீங்களே, இப்ப மட்டும் கண்ணு படாதான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"படட்டுமுங்கன்னேன். தென்னை காஞ்சா மறுக்கா நட்டுக்கலாம். என்ற புள்ளைய நட முடியுங்களா?"

அவர்களைப் படி வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பிய சார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஜெசிந்தாம்மா, நாம பழக்குனதுல ஒண்ணைக்கூட அவங்க சொல்லலீங்களேங்க."

ஆமாங்க சார் என்றேன். நிவேதா, இந்தப் பதிலுக்கு உன் ஆப் எத்தனை மார்க் போடும் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தால் முட்டைதான் போட்டிருப்பேன்.

பயண ஏற்பாடு என் வேலை. இங்கிலீஷ் தெரியாத அம்மாக்கள் நடுவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் இறங்கி அடுத்த விமானத்தைப் பிடிப்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்துவிடுவோம். தள்ளுகிற ஆளே அடுத்த விமானத்தின் வாசல் வரை சேர்த்துவிடுவார். ருக்மணியம்மாளிடம் சொன்னதும் திடுக்கிட்டுப்போனார். "நல்லா இருக்கற காலை வெச்சுக்கிட்டு அதுல உக்காருவேனா அம்மணி? நல்ல காரியத்துக்குப் போறப்ப அது அடுக்குமுங்களா?" என்றார். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். நாற்காலி வரும், அதில் பையை வைத்துக்கொள்ள வேண்டியது, இவர் பக்கத்தில் நடந்து போக வேண்டியது. அப்படித்தான் போனார்.

பெட்டியை நான்தான் பிரித்துப் பார்த்தேன். கொண்டுபோகக் கூடாதது ஏதும் இருந்தால் எடுப்பதற்காக. சுக்கு, கருப்பட்டி, பிரசவ லேகியம், வசம்பு வளையல். தூளி கட்டுவதற்கு நைந்த பருத்திச் சேலை, ஒன்றுக்கு இரண்டாக. "எடை கூடுதுங்களே, ஒண்ணு போதாதுங்களா?" என்று கேட்டேன். "ஒண்ணு நனைஞ்சா மாத்தறதுக்கு வேணுமுங்களே" என்றார். அதுவும் சரிதான் என்று மடித்து வைத்தேன். பீளமேட்டு விமான நிலையத்து வாசலில் நாச்சிமுத்து மனைவியிடம் பையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "சாப்பாட்டுக்கு நான் என்னமோ பண்ணிக்குவேனுங்க" என்று, நான் கேட்காமலே சொன்னார்.

நாட்கள் போயின. ருக்மணியம்மாள் சேர்ந்துவிட்டார், மகள் நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் தெரியும். ஒரு காலையில் நாச்சிமுத்து மாடிப்படி ஏறி வந்தார். ஒரு சாக்கு நிறையத் தேங்காயைக் கவுன்ட்டர் ஓரமாக இறக்கினார். சவரம் செய்து, சலவை வேட்டி கட்டி, ஆள் பத்து வயது குறைந்தவர்போல இருந்தார்.

"ஆச்சுங்களா?" என்றேன்.

"ஆச்சுங்க. நல்லபடியா ஆச்சுங்க."

"என்ன குழந்தைங்க?"

"ஏதோ, ஆண்டவன் குடுத்தாருங்க" என்றார். நேராக சார் மேசைக்குப் போனார். தோளிலிருந்து துண்டை எடுத்தார். கைமேல் விரித்தார். நீட்டினார்.

சார் கையை உள்ளே கொடுத்தார். தோப்பைக் கேட்ட அன்றைக்கு அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கு அவரால் முடியவில்லை. உதட்டைக் கடித்தபடி மெதுவாக எழுந்து நின்றுவிட்டார். துண்டுக்குள் இருந்த கையை இன்னொரு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேனுங்க" என்று கிளம்பினார். சார் தெருவரைக்கும் கூடப் போனார்.

திரும்பி வந்தவரிடம், "என்னங்க சார் சொன்னாரு?" என்று கேட்டேன்.

சார் சுற்றுமுற்றும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அத்தனை வருஷத்தில் ஒரு பேனாவைக்கூட என் கையில் படாமல் மேசையில் வைத்துத் தருகிற மனுஷர், அந்தக் கைக்குட்டையைத் தம் கைமேல் போட்டு என் பக்கம் நீட்டினார். நான் தயங்கிக் கையை உள்ளே கொடுத்தேன். மகள் கையைப் பிடிப்பதுபோல என் விரலைத் தேடிப் பிடித்தார்.

இரண்டு விரல்.

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. ஒரு ஆளு பத்தாதுங்க என்று அவர் மன்றாடியது. புடிக்க ஆளு வேணுமுங்களே என்றது. அந்த இரண்டு தூளிச் சேலைகள். முதல் நாளே இதை ஜன்னலில் சொல்லியிருந்தால், வயிற்றில் இரண்டு, படுத்த படுக்கை, அதிகாரி ஒருவேளை இருவருக்குமே கையெழுத்துப் போட்டிருப்பார். எங்களிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தோப்பையும் மில்லையும் கிணற்றையும் மாடுகன்றுகளையும் அந்த ஜன்னலில் ஒன்று விடாமல் கொட்டிவிட்டு, இதை ஒன்றை மட்டும் அந்த அம்மாள் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"சார், அப்படீன்னா ரெட்டை..." என்று ஆரம்பித்தேன்.

"சத்தமாச் சொல்லிப்போடாதீங்க, ஜெசிந்தாம்மா" என்றார் சார்.

கண்ணேறு என்பது சுத்தப் பேத்தல் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், வாயைப் பொத்திக்கொண்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.